அம்மா வாங்காத நன்மை

நம் வயதுக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் டிவி. பெட்டி வைத்திருந்த ஏதோ ஒரு வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, இருபது பேரோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்து தொடர் பார்த்தவர்கள் நீங்கள். மருந்துச் சீட்டைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கிற வயதுக்கு வந்த பிறகும், அந்தப் பேச்சை எடுத்தால் உங்கள் முகமெல்லாம் மலர்ந்துவிடுகிறது. நான் மட்டும் பேந்தப் பேந்த முழிப்பேன். எனக்கு அதில் ஒரு காட்சிகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இரண்டு கோயில்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அம்மா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம்; அப்பா புராட்டஸ்டண்ட். கோவில்பட்டியில் இது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. ஆனால் எங்கள் சொந்தபந்தத்தில் அது அதிசயத்துக்கும் மேலே. அப்பா கரண்ட் ஆபீசில் லைன்மேன். எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்தில், அம்மாவின் ஊரில் மாதா கோயில் திருவிழா அன்று, சப்பரம் புறப்படப்போகிற நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. கம்பத்தில் ஏறிச் சரிசெய்ய வந்தவர் அப்பா. விளக்கு எரிந்ததும் சப்பரத்தைப் பார்க்காமல் கம்பத்தைப் பார்த்தவள் அம்மா. அப்பாதான் இப்படிச் சொல்வார். அம்மா மறுப்பாள். எப்படியோ, அடுத்த ஆண்டு அப்பாவின் கோயிலில் ஐயர் முன்னிலையில் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கம் புராட்டஸ்டண்ட் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அம்மா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரை மணிப் பூசைக்கு அம்மாவோடு. ஒன்பது மணி ஆராதனைக்கு அப்பாவோடு. இடையில் வீட்டில் நான்கு இட்லி. அம்மாவின் கோயிலில் சாம்பிராணியும் மெழுகும் மணக்கும். தரையில் உட்கார்ந்து, எழுந்து, முழங்காலிட்டு, மறுபடி எழுந்து, தூங்க வழியே கிடையாது. அப்பாவின் கோயிலில் பெஞ்சு, ஃபேன், கஞ்சி போட்ட சேலைகளின் வாசனை, ஆர்மோனியம், முக்கால் மணி நேரப் பிரசங்கம். அங்கே தூங்காமல் இருக்க வழியே கிடையாது.

அம்மாவின் கோயில் சிலுவையில் ஏசு இருந்தார். அப்பாவின் கோயில் சிலுவை காலியாக இருந்தது. ஏனென்று கேட்டேன். "அவர் பட்ட பாட்ட மறக்கக் கூடாதுல்ல" என்றாள் அம்மா. "அவர்தான் உயிர்த்தெழுந்துட்டாரே, இன்னும் எதுக்கு அங்கன தொங்கப் போடணும்?" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. இரண்டையும் சேர்த்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன். ஐந்தரை மணிக்கு அவர் சிலுவையில் இருக்கிறார், ஒன்பது மணிக்குள் இறங்கிப் போய்விடுகிறார். நடுவில் அவரும் எங்கேயோ இட்லி சாப்பிடுகிறார் என்றுகூட நினைத்திருந்தேன்.

பெயர்களும் என்னைப் படுத்தி எடுத்தன. அம்மாவுக்கு இராயப்பர், அப்பாவுக்குப் பேதுரு. அம்மாவுக்குச் சின்னப்பர், அப்பாவுக்குப் பவுல். இவர்களெல்லாம் ஒரே ஆட்கள் என்று தெரிய எனக்கு நாலாம் வகுப்பு ஆயிற்று. அதுவரை ஏசுவுக்கு ஏகப்பட்ட சிநேகிதர்கள் என்று நம்பியிருந்தேன். அம்மா கோயில் குருவைச் சாமியார் என்போம். சாமியாரைப் பார்த்தால் தோத்திரம், ஐயரைப் பார்த்தால் ஸ்தோத்திரம். மாடியில் குடியிருந்த தீப்பெட்டி ஆபீஸ் ஃபோர்மேனின் மனைவி பெந்தெகொஸ்தே. கம்மல்கூடப் போடாத, வெள்ளைச் சேலை கட்டிய அந்த அக்காவுக்கு எங்கள் வீட்டில் யாருமே தேறவில்லை. "இவியள்ல ஒருத்தரும் முங்கி ஞானஸ்நானம் எடுக்கலயே" என்று வருத்தப்படுவாள். "பத்து நாளைக்கு ஒருக்கா குழாய்ல தண்ணி வர்ற ஊர்ல முங்குததுக்கு எங்க போக?" என்பார் அப்பா.

சாயங்காலம் வீட்டு ஜெபம். ஏசு கற்றுக்கொடுத்த அந்த ஜெபத்தை மூன்று பேரும் சேர்ந்து சொல்வோம். தீமையிலிருந்து எங்களைக் காப்பாற்றும் என்று கேட்கிற வரி வந்ததும் அம்மா ஆமென் சொல்லி நிறுத்திவிடுவாள். அப்பாவும் நானும் ராஜ்யம், வல்லமை, மகிமை என்று இன்னொரு வரி போவோம். நாங்கள் முடித்து வரும்வரை அம்மா கண்ணை மூடிக் காத்திருப்பாள். எல்லார் வீட்டிலும் அம்மாக்கள் அப்படித்தான் ஒரு வரி முன்னால் இறங்கிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. அம்மாவின் கோயிலில் சாமியார் அப்பம் கொடுப்பதை வாங்குவதற்கு 'நன்மை வாங்குவது' என்று பெயர். பூசையில் அந்த நேரம் வந்ததும் எல்லாரும் எழுந்து வரிசையில் போவார்கள். என்னைவிடச் சின்னப் பிள்ளைகள், முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய மிதப்பில், கைகூப்பிக்கொண்டு போவார்கள். அம்மா மட்டும் போகமாட்டாள். கடைசித் தூணின் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருப்பாள். வரிசை திரும்பி வரும்போது தலையைக் குனிந்துகொள்வாள். அப்பாவின் கோயிலில் மாதம் ஒரு தடவை திருவிருந்து என்று அப்பமும் ரசமும் கொடுப்பார்கள். அங்கே ஆராதனைக்கு வந்தாலும் அதற்கும் எழமாட்டாள். அது அவளுடைய பந்தி இல்லை.

"ஏம்மா நீ நன்மை வாங்க மாட்டேங்க?"

"எனக்கு வேண்டாம்."

நன்மை யாருக்காவது வேண்டாமென்று இருக்குமா? பூசைக்கு வரும் ஒரு பிள்ளையிடம் கேட்டேன். "சாவான பாவம் செஞ்சவிய வாங்கக் கூடாது" என்றாள் அவள், பட்டென்று. எனக்கு அப்போது பத்து வயது. அன்றிலிருந்து என் அம்மா என்ன பாவம் செய்திருப்பாள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். தையல் மிஷினில் குனிந்திருக்கும் அவளுடைய முதுகைப் பார்ப்பேன். ஒருமுறை பால்காரரிடம் சில்லறை இல்லை என்று பொய் சொன்னாள். அதற்கா இவ்வளவு? அவள் செத்தால் எங்கே போவாள் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஆண்டு மே மாதம் அப்பாவின் கோயிலில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. பத்து நாள். கையைக் காலை ஆட்டிப் பாட்டு, கலர் தண்ணீர், கடலை மிட்டாய். நடத்தியவள் அந்த அத்தைதான். கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஆரம்பப்பள்ளி டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டே ஸ்கூல் டீச்சர். யார் எதைச் சொன்னாலும் "பைபிள்ல இருக்கா? வசனத்தக் காட்டு" என்பாள். மாம்பழம் இந்த வருஷம் புளிக்கிறது என்றால்கூடக் கேட்பாளோ என்று அப்பா கேலி செய்வார்.

கடைசி நாள் போட்டி. பரிசு மேசையில் கழுத்தில் மாட்டும் சிவப்பு வாட்டர் பாட்டில் ஒன்று இருந்தது. மூடியில் சின்னக் குழாய், வெள்ளை வார். நீங்களும் அதற்கு ஏங்கியிருப்பீர்கள், இல்லை என்று சொல்லாதீர்கள். பத்துக் கற்பனைகளில் எதைக் கேட்டாலும் சொல்ல வேண்டும். அப்பா பக்கத்தில் கற்பனைகள் என்பதை அம்மா பக்கத்தில் கட்டளைகள் என்பார்கள். எனக்கு எல்லாம் மனப்பாடம். பின்வரிசையில் மற்ற அம்மாக்களோடு என் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள். மேடையில் தொங்கிய திரை அவள் தைத்துக் கொடுத்தது.

கடைசியில் நானும் இன்னொரு பெண்ணும் மிஞ்சினோம். அத்தை என்னைப் பார்த்தாள்.

"நாலாவது கற்பனை?"

"தாய் தகப்பன மதிச்சு நடக்கணும்."

சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நிதானமா யோசிச்சுச் சொல்லு."

"நாலாவது அதுதான் அத்த."

"அது அஞ்சாவதுட்டி. நாலாவது ஓய்வுநாள்."

"ஓய்வுநாள் மூணாவதுல்லா?"

அத்தை சாக்பீஸைக் கீழே வைத்தாள். "ஒனக்கு யாரு சொல்லித் தந்தா?"

"அம்மா."

"அதான பாத்தேன்! சிலையக் கும்பிடக் கூடாதுங்கற ரெண்டாவது கற்பனையவே எடுத்து ஒளிச்சு வச்சுட்டா, நம்பர் எப்படி சரியா வரும்?"

இந்த முறை பெரியவர்களும் சிரித்தார்கள். சிவப்பு பாட்டில் அந்தப் பெண்ணுக்குப் போனது. அம்மா எழுந்து போய்விடவில்லை. முடியும்வரை இருந்து, பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்து, காலித் தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து சின்ன வயதில் வேதபாடம் படித்த பழைய ஞானோபதேசப் புத்தகத்தை எடுத்தாள். அட்டை போய்விட்ட, உள்ளங்கை அளவுப் புத்தகம். பத்துக் கட்டளைகள் உள்ள பக்கத்தை நாலைந்து தடவை படித்தாள். சிலையைப் பற்றி அதில் தனியாக ஒரு கட்டளை இல்லை.

"நெசமாவே ஒளிச்சு வச்சுட்டாவளாம்மா?"

"தெரியலட்டி" என்றாள். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அதுவரை அம்மா எதற்கும் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை சேலை மாற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனாள். அந்தச் சாமியார் ஊருக்குப் புதிது, சின்ன வயது. கைலியை மடித்துக் கட்டி, குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துவந்து வேப்பங்கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"தோத்திரம் சாமி. எம் பிள்ளைக்கு நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டனா?" என்றாள் அம்மா. இருக்கிற கோபம் எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தது.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "ரெண்டும் அதே பத்துதாம்மா. அவிய முதல்ல உள்ளத ரெண்டாப் பிரிச்சு எண்ணுதாவ. நாம கடைசியில உள்ளத ரெண்டாப் பிரிக்கோம். நடுவுல நம்பர் ஒண்ணு தள்ளிப் போயிரும்."

"அப்ப சிலை?"

"அது நமக்கு முதல் கட்டளைக்குள்ளயே இருக்கு. சின்னப் புத்தகத்துல சுருக்கிப் போட்டுட்டாவ. பைபிள்ல முழுசா இருக்கு, யாரும் அழிக்கல. சிலைய சாமின்னு நாம நெனைக்கலன்னு நாம சொல்லுவோம், பாத்தா அப்படித் தெரியலயேன்னு அவிய சொல்லுவாவ. அந்தச் சண்ட ரொம்ப காலமா இருக்கு, அத இன்னைக்கு நாம தீக்க முடியாது. ஆனா நீங்க சொல்லிக் குடுத்தது தப்பில்ல. உங்க மைனி சொல்ற நம்பரும் தப்பில்ல."

அம்மாவின் தோள் இறங்கியது. கிளம்பப் போனவளை அவர் நிறுத்தினார்.

"அம்மா, நீங்க கடைசித் தூண்கிட்ட இருப்பீங்கள்ல? நன்மை வாங்க வரமாட்டேங்கீங்களே, ஏன்?"

அம்மா பை வாரை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். இதை விட்டால் இனி சந்தர்ப்பம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

"எங்கம்மா என்ன பாவம் செஞ்சா சாமி?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள். வேப்பங்கன்றுக்கு முன்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தன் கோயிலை விட்டு வெளியே போய்க் கல்யாணம் செய்தது, சாமியார் இல்லாத நாளில் ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று "இனி உனக்கு நன்மை கிடையாது" என்று சொன்னது, அதை அவள் ஆயுசுக்கும் என்று எடுத்துக்கொண்டது, எல்லாம்.

"உபதேசியார் பாதியத்தான் சொல்லியிருக்காரு" என்றார் சாமியார். "கோயில்ல அனுமதி வாங்காமக் கட்டுனா வாங்க முடியாதுன்னது சரி. ஆனா அதச் சரி பண்ண வழி இருக்கே! பதினோரு வருசமா யார்ட்டயும் கேக்கலயாம்மா?"

"கேட்டா, இல்லவே இல்லன்னுட்டாவன்னா? அந்தப் பயத்துல கேக்கல சாமி."

இன்று எனக்கு அது புரிகிறது. கேட்காதவரை இல்லை என்ற பதில் வராது அல்லவா. டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிற நம் வயதில் இது எல்லாருக்கும் புரியும். அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அம்மா நரகத்துக்குப் போகமாட்டாள். வீடு வரும்வரை ஓட்டமும் குதியுமாக வந்தேன்.

அந்தக் குதியாட்டம் அப்பா தோசை சாப்பிட உட்காரும்வரைதான் இருந்தது.

"சாமியார்ட்ட பேசுனேங்க. நம்ம கல்யாணத்தச் சரி பண்ணணுமாம்" என்றாள் அம்மா.

"சரி பண்ணணுமா? இதுல என்ன ரிப்பேரு?"

அம்மா விளக்கினாள். நன்றாக விளக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. சந்தோஷத்தில் முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அப்பாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்.

"எங்க ஐயர் முன்னால, எங்க சபையே எந்திரிச்சு நிக்க, தாலி கட்டுனேன். அது கல்யாணமில்லயாமா? அப்ப இவ யாரு?" என்று என்னைக் காட்டினார். பாதித் தோசையில் கையைக் கழுவிவிட்டுக் கம்பம் ஏறும் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய ரோஷம் உயர் அழுத்தக் கம்பி மாதிரி. கிட்டே போனாலே போதும். அதன் பிறகு மூன்று ஞாயிறு அவர் வேண்டுமென்றே விளாத்திகுளம் லைனுக்கு டியூட்டி கேட்டு வாங்கிப் போனார். அம்மா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஞானோபதேசப் புத்தகம் இழுப்பறைக்குள் திரும்பிப் போனது. ஐந்தரை மணிப் பூசையில் அதே தூண், அதே பை வார்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. அடுத்த தெருவில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனேன்.

"அத்த, ரெண்டு நம்பரும் சரிதானாம். சாமியார் சொன்னாரு."

"பைபிள்ல இருக்கா? வசனத்தக் காட்டச் சொல்லு" என்றாள் எதிர்பார்த்தபடியே. பிறகு அவளே தன் பெரிய பைபிளை எடுத்து மடியில் விரித்தாள். ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில் கோடு போட்ட பைபிள். வருஷத்துக்கு ஒரு தடவை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிடுவாள். "இந்தா பாரு, ஒண்ணாவது" என்று விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது. கீழே இறங்கியது. மேலே ஏறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். உதடு அசைய இடது கை விரல்களில் ஒரு தடவை எண்ணினாள், வேறு மாதிரி இன்னொரு தடவை எண்ணினாள்.

"நம்பரே போடலயே" என்றாள், எனக்கல்ல. ஓரத்தில் வசன எண்கள் இருந்தன. ஆனால் இது ஒன்றாவது கற்பனை, இது இரண்டாவது என்று எங்கேயும் இல்லை. நான் இருந்ததையே மறந்துவிட்டாள். மெதுவாக நழுவி வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், குடையும் கையுமாக அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவும் இருந்தார். பையிலிருந்து ஒரு வாட்டர் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தாள். நீலம். "சிவப்புத் தேடுனேன், கடையில இல்ல" என்றாள்.

"மாதா கலரு மைனி" என்றாள் அம்மா, அடக்க முடியாமல். அத்தை அதைக் கேட்காத மாதிரி உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நான் அத்தன பேரு முன்னால சொன்னது தப்பு. பத்துக் கற்பனைன்னு பைபிள்ல இருக்கு. எது எத்தனாவதுன்னு இல்ல. நாப்பது வருசமா வாசிக்கேன், நம்பர நானே போட்டு வாசிச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழம சண்டே ஸ்கூல்லயே இதச் சொல்லிருதேன்." மூச்சு விட்டுக்கொண்டாள். "அதுக்காக மாதா விசயத்துல நான் ஒத்துக்கிட்டேன்னு நெனச்சிராத."

"நெனைக்கல மைனி" என்றாள் அம்மா.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நன்மை, உபதேசியார், தோசை, எல்லாவற்றையும். அத்தை அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏலே, நெசமா? பதினோரு வருசமா இவ ஒரு பந்தியிலயும் உக்காராமயா வாரா?"

"அவியதானக்கா நம்ம கல்யாணம் செல்லாதுங்காவ."

"நீ போயிக் கேட்டியா?"

அப்பா முகட்டைப் பார்த்தார்.

"அவ கேக்கதுக்குப் பயந்தா. நீ கேக்கதுக்கு ரோசப்படுத. போயி என்னன்னு கேட்டுட்டு வா. அவரு நம்ம சபையக் கொறச்சுப் பேசுனா நான் வாரேன், நான் பேசிக்கிடுதேன்."

அத்தையைச் சாமியாரிடம் அனுப்புவதைவிடத் தானே போவது மேல் என்று அப்பாவுக்குப் பட்டிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே போனோம், மூன்று பேரும். சாமியார் நாற்காலி போட்டார். அப்பா உட்காரவில்லை.

"எங்க கோயில்ல நடந்த கல்யாணம் கல்யாணமில்லன்னு சொல்லுதீங்களா சாமி?"

"எங்க சட்டப்படி அது இன்னும் எங்க கோயில் கணக்குல ஏறல. அவ்வளவுதான் அண்ணாச்சி. நீங்க குடுத்த வார்த்தை வார்த்தைதான். மறுபடி தாலி கட்ட வேண்டாம், மறுபடி வார்த்தை குடுக்க வேண்டாம், கூட்டம் கூட்ட வேண்டாம். அன்னைக்கு நீங்க குடுத்த அதே வார்த்தைய அந்த நாள்லருந்தே ஏத்துக்கிடுதோம்னு ஆண்டவர் எழுதித் தருவாரு. வேர்லயே குணமாக்குததுன்னு அதுக்குப் பேரு. நான் ஆண்டவருக்கு ஒரு லெட்டர் போடணும்."

"ஆண்டவருக்கா? லெட்டரா?" அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நாங்க முழங்கால் போட்டுத்தான் கேப்போம். உங்களுக்கு போஸ்டல்லயே போகுதா?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேற்றிராணியாரை, அதாவது பிஷப்பை, அவர்கள் ஆண்டவர் என்பார்கள் என்று சாமியார் விளக்குவதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு லேசாகிவிட்டது. "அப்ப மெயின ஆஃப் பண்ணாமலே ஃபியூஸ் மாத்துத வேல" என்றார் அப்பா. இன்னொன்றும் இருந்தது. பிள்ளையைத் தன் வேதத்தில் வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று அம்மா வாக்குக் கொடுக்க வேண்டும், அது அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாமியார் அதை மறைக்காமல் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். "முடிஞ்சதத்தான் இத்தன வருசமாச் செஞ்சுகிட்டு வாரா. வாட்டர் பாட்டிலே போச்சு" என்றார். எனக்கு மறுபடி ஞானஸ்நானம் வேண்டாமாம். அப்பா கோயிலில் ஊற்றின தண்ணீரே அம்மா கோயிலுக்கும் செல்லும். அதைக் கேட்டதும் அப்பாவின் முகத்தில் மிச்சமிருந்த விறைப்பும் போய்விட்டது.

கடிதத்துக்குப் பதில் வர மழைக்காலம் ஆகிவிட்டது. நம் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். ஒரு மழைக்கே கரிசல் செருப்பை விடாது. அந்த ஞாயிறு காலை மூன்று பேரும் ஐந்தரை மணிப் பூசைக்குப் போனோம். முந்தின நாள் சாயங்காலமே அம்மா சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்திருந்தாள். அப்பா கோயில் வாசலில் செருப்பு மண்ணைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கொஞ்ச நேரம் கடத்தினார். உள்ளே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல், அம்மா உட்கார்ந்த கடைசித் தூணின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மற்றவர்கள் எழும்போது அரை நொடி தாமதமாக எழுந்தார். முழங்காலிடும்போது சுற்றிப் பார்த்துவிட்டு இட்டார்.

அந்த ஜெபம் வந்தது. எல்லாரும் சொன்னோம். தீமையிலிருந்து என்ற வரியோடு கோயில் நின்றது. அப்பா நிற்கவில்லை. வாழ்நாள் பழக்கம். "ராஜ்யமும் வல்லமையும்" என்று அவர் குரல் மட்டும், கம்பத்தின் மேலிருந்து கீழே கூப்பிடுகிற அந்தக் கனத்த குரல், தனியாக எழுந்தது. முன்வரிசைகள் திரும்பின. அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. பீடத்தில் சாமியார் ஏதோ ஒரு சின்ன ஜெபம் சொன்னார். அது முடிந்ததும், சொற்கள் மட்டும் கொஞ்சம் மாறி, அப்பா விட்ட அதே வரியைக் கோயில் முழுக்கச் சொன்னது. ஒவ்வொரு பூசையிலும் அது உண்டு. வேடிக்கை பார்த்தபடி இத்தனை காலம் வந்துபோன நான் அதைக் கவனித்ததே இல்லை. அப்பா தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "இருக்கா?" என்றார் மெதுவாக. "இருக்கு. கொஞ்சம் பொறுக்கணும்" என்றாள் அம்மா.

நன்மை நேரம் வந்தது. அம்மா எழுந்தாள். கைப்பையை என்ன செய்வது என்று ஒரு கணம் தெரியாமல் நின்றாள். இத்தனை ஆண்டில் அதை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய தேவை வந்ததில்லை. பிறகு அப்பாவின் மடியில் வைத்தாள். வரிசையில் போய் நின்றாள்.

தூணைச் சுற்றியிருந்த எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். மிஞ்சியது அப்பாவும் நானும். எங்களுக்கு அங்கே நன்மை கிடையாது. அது அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். பின்னாளில் நான் அப்பாவின் கோயிலில் திருவிருந்து வாங்கத் தொடங்கினேன். அம்மா கொடுத்த வாக்குப்படி முடிந்ததைச் செய்தாள், முடியாததற்கு என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. இப்போதும் அந்த ஜெபத்தைச் சொல்லும்போது அம்மா நிறுத்துகிற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

அன்று அப்பா பையை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைத் தாண்டிப் போனவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் வேண்டுமென்றே பார்க்காமல் போனார்கள். பையின் வார் அவருடைய விரலில் சுற்றியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"பாப்பா, உங்கம்மா எல்லா ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் இருப்பாளா?"

"ஆமாப்பா. இதே இடத்துலதான்."

வரிசை நகர்ந்தது. அம்மா கையேந்துவது தூரத்தில் தெரிந்தது. அவள் கைகூப்பித் திரும்பி வரும்போது, சுற்றிலும் எல்லாரும் முழங்காலிட்டிருக்க, அப்பா எழுந்து நின்றார். அம்மாவுக்கு வழி விட்டு, ஈரக் கால்கள் மிதித்திருந்த அவளுடைய இடத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார்.